தலைக்காசு முதல் மாதச் சம்பளம் வரை



ஊக்கத்தொகை, சன்மானம், போனஸ் ஆகிய சொற்கள் காதுக்கு இனிமையானவை. வேலை செய்தவருக்குச் சம்பளம். சிறப்பாக வேலை செய்தவருக்கு அதற்கு மேலும் கொஞ்சம். இதில் குறை காண என்ன இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டிய தோட்டங்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, இந்த இனிய சொற்களுக்குள் ஒரு கசப்பும் கலந்திருந்ததை நாம் காண்கிறோம். திறமைக்குத் தரும் கூலி என்று சொல்லப்பட்டது, பல சமயங்களில் எவருடைய திறமைக்கு, எவர் கைக்குப் போயிற்று என்பதே அந்தக் கசப்பு.

இன்றைய உரையில், கோலசிலாங்கூர் வட்டாரத்தையும் சிலாங்கூரின் வட பகுதித் தோட்டங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த ஊக்கத்தொகை முறை எப்படித் தோன்றியது, எப்படி மாறியது, சட்டம் அதில் எங்கே நுழைந்தது என்பதைக் காண்போம்.

பால்மரமும் செம்பனையும்

சிலாங்கூர் ஆற்றின் இரு பக்கங்களிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சுற்றியும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிற்று. இந்த வட்டாரத்துக்கு ரப்பர் நட வந்தவர்களுள் ஒருவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர் இவரே. 1917-இல் இவர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் வணிக நோக்கோடு செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம் அதுதான். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் கவனிக்கலாம்.

ரப்பர் நட்டவர்களுக்குப் பணம் லண்டனிலிருந்து வந்தது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ரப்பர் ராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. ஆகவே தோட்ட நிர்வாகங்களுக்கு ஆள் வேண்டும். வந்த ஆள் நாள் தவறாமல் வேலைக்கு இறங்க வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் விடையாக அமைந்தவர் கங்காணி.

தலைக்காசு

கங்காணி என்பவர் பெரும்பாலும் தொழிலாளியாக வந்து, நிர்வாகத்தின் நம்பிக்கையைப் பெற்று உயர்ந்தவர். தோட்டம் அவரைத் தம் சொந்த ஊருக்கு அனுப்பும். அங்கே உற்றார் உறவினரையும் ஊராரையும் அவர் அழைத்து வருவார். இதற்கு ஆள் கணக்கில் அவருக்குத் தரகு உண்டு. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து, வருகிறவர்களின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது நின்ற பிறகு, கங்காணி முறையே முதன்மையாயிற்று.

ஆள் சேர்ப்பதோடு கங்காணியின் வேலை முடிந்துவிடவில்லை. தோட்டத்தில் அவர் தம் ஆட்களை மேற்பார்க்க வேண்டும். அதற்கு அவருக்கு இருந்த வருமானத்தின் பெயர்தான் தலைக்காசு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்; கிராணி பெயர் குறிப்பார். அன்றைக்கு எத்தனை தலை வேலைக்கு இறங்கியதோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்கு இவ்வளவு காசு. பெரும்பாலும் ஒரு தலைக்கு இரண்டு காசு என்ற அளவில் இது இருந்தது.

இரண்டு காசுதானே என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐம்பது பேர் ஒரு கங்காணியின் கீழ் இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசாக இருந்த காலத்தில், இந்தத் தலைக்காசு மட்டுமே இரண்டு ஆளின் கூலிக்குச் சமம். ஆக, கங்காணிக்கு இது மிகப் பெரிய ஊக்கம். ஆனால் எதைச் செய்ய ஊக்கம்?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். தலைக்காசு, கங்காணி மரம் வெட்டியதற்காகத் தரப்பட்டதன்று. மற்றவர் வேலைக்கு இறங்கியதற்காகத் தரப்பட்டது. ஒருத்தி காய்ச்சலோடு லயத்தில் படுத்திருந்தால், அவளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. கங்காணிக்கு இரண்டு காசு போயிற்று. அவளை எழுப்பிக் களத்துக்குக் கொண்டுவருவதில் அவருக்கு லாபம்; அவள் உடம்பு தேறுவதில் அவருக்கு உடனடி லாபம் ஏதுமில்லை. நல்ல மனம் படைத்த கங்காணிகள் இருந்தார்கள். தம் ஆட்களுக்காகத் துரையிடம் பரிந்து பேசியவர்களும் இருந்தார்கள். எனினும், விதி அவர்களுடைய நல்ல மனத்துக்குக் காசு கொடுக்கவில்லை. தலை எண்ணிக்கைக்கே காசு கொடுத்தது.

இன்னொரு விளைவும் உண்டாயிற்று. எண்ணிக்கைக்குப் பணம் என்றால், எண்ணிக்கையைக் கூட்ட வழி தேடுவார்கள் அல்லவா? ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டத்துக்காரர்கள் ஆசை காட்டி இழுப்பதும், கங்காணி தம் ஆட்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வேறு தோட்டம் போய்விடுவதும் அக்காலத்தில் அடிக்கடி நடந்தன. ஆட்களைத் தம்மோடு கட்டிவைக்கக் கங்காணிகள் கடனைக் கயிறாகப் பயன்படுத்தியதும் உண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே போன்ற ஏற்பாடு இருந்தது. அங்கேயும் பெரிய கங்காணிக்குத் தலைக்கணக்கில் காசு. அங்கேயும் அதன் மறுபக்கம் கடன். கடல் கடந்து வேறு நாடு, வேறு பயிர் என்றாலும், விதி ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டம் நுழைந்த விதம்

1922-இல் இந்திய அரசு குடியகல்வுச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதற்கு அடுத்த ஆண்டு மலாயாவில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு திருத்தி அமைக்கப்பட்டது. இந்திய அரசின் பிரதிநிதி ஒருவரும் கோலாலம்பூரில் அமர்ந்தார். கூலி எவ்வளவு என்பதை நிர்வாகமே தனித்துத் தீர்மானிக்கும் நிலை மாறி, குறிப்பிட்ட வட்டாரங்களுக்கு நிர்ணயக் கூலி என்ற ஏற்பாடு 1920களில் வந்தது. எளிதில் சென்று சேரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே காட்டில், ஒரே நிரையில் வேலை செய்தாலும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிர்ணயமும் நிலைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் லண்டனில் ரப்பர் ராத்தல் 2 பென்னிக்கும் கீழே விழுந்தது. முன்னதாக 1930-இலேயே கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டுவிட்டது. பிறகு அதற்கும் கீழே இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வெட்டுக்காரரின் கை சோர்ந்ததால் விலை விழவில்லை; அமெரிக்காவில் கார் விற்கவில்லை என்பதால் விழுந்தது. தண்டனை மட்டும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் லயத்தில் இருந்தவர்களுக்கு.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். 50 காசும் 40 காசும் மீண்டும் வழங்கப்பட வேண்டும் என்பதும், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது ஒழிய வேண்டும் என்பதும் 1937-இல் வெளியான அவரது அறிக்கையின் பரிந்துரைகளில் அடங்கும். 1938-இல் கூலி மறுபடியும் குறைக்கப்பட்டபோது, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்தியா தடை செய்தது. ஆள் சேர்ப்புத் தரகின் காலம் அத்தோடு முடிந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் மூண்டு, கோலசிலாங்கூர் பக்கமும் பரவியது. அதற்கு ஊக்கமளித்தவர்களுள் முன்னணியில் இருந்தவர் ஆர். எச். நாதன். தொழிலாளர் கேட்டவை என்னென்ன? இந்தியருக்கும் சீனருக்கும் சம கூலி, கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்குதல், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடையை மூடுதல், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். இந்தப் பட்டியலை உற்று நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இன்னும் கொஞ்சம் சன்மானம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தம்மை அளக்கும் கை நேர்மையாக இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள். மே மாதத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பாலை அளந்த கை

போர் முடிந்த பிறகு தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக விளங்கினார். துரை சொன்னதே கூலி என்ற நிலை போய், சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்யும் காலம் வந்தது.

அந்த ஒப்பந்தங்களில் ரப்பர் விலையோடு கூலியைப் பிணைக்கும் முறை இடம்பெற்றது. சந்தை விலை இன்ன அளவிலிருந்து இன்ன அளவுக்குள் இருந்தால் இன்ன கூலி என்று மண்டலங்கள் வகுக்கப்பட்டன. பிற்காலத்தில் இதுவே விலைப் போனஸ் என்ற பெயரில் வழங்கிற்று. விலை ஏறினால் நமக்கும் பங்கு என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் விலையின் போக்கைப் பாருங்கள். கொரியப் போர்க் காலமான 1951-இல் ராத்தலின் சராசரி விலை ஒன்றரை வெள்ளிக்கு மேல். இரண்டே ஆண்டில், 1953-இல், எழுபது காசுக்கும் கீழே. அதே மரம், அதே கத்தி, அதே கை. அப்படியிருக்க, ஏறி இறங்கும் விலையைத் திறமையின் அளவாகக் கொள்ள முடியுமா?

விலைக்கு அடுத்தது அளவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பால் கொண்டுவந்தால், ராத்தலுக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம். ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. இது நேரடியாக உழைப்பை அளக்கும் முறை போலத் தோன்றும். ஆனால் பால் எதனால் கூடும், எதனால் குறையும்? விடியற்காலையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். இலையுதிரும் பருவத்தில் குறையும். பட்டை நனைந்திருந்தால் வெட்டவே முடியாது. இளமரக் காடு கிடைத்தவருக்கு ஒரு கணக்கு, கிழமரக் காடு கிடைத்தவருக்கு வேறு கணக்கு. எந்தக் காட்டை எவருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவர் வெட்டுக்காரர் அல்லர்.

பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உலர்ந்த ரப்பர் என்று கணக்கிட வேண்டும். அதற்காகப் பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் என்ற கருவியும், மாதிரி எடுத்து உலர்த்தி நிறுக்கும் முறையும் இருந்தன. கருவி ஓர் எண்ணைக் காட்டும். கிராணி அதைக் குறிப்பேட்டில் எழுதுவார். மாதக் கடைசியில் அந்த எண்தான் சோறு. வாளி சுமந்து வந்தவருக்கு அந்த எண்ணைச் சரிபார்க்கும் வழி எளிதாக இருக்கவில்லை.

அதோடு மறைந்த உழைப்பு ஒன்றும் இருந்தது. அளவுக்குக் காசு என்றவுடன், குடும்பமே காட்டில் இறங்கியது. கிண்ணம் துடைக்கவும் ஒட்டுப்பால் உரிக்கவும் பிள்ளைகள் வந்தார்கள். கணக்கில் ஒரு பெயர். நிரையிலே நான்கு பேர். செம்பனையிலும் இப்படியே. குலைக்கு இவ்வளவு, உதிரிப்பழத்துக்கு இவ்வளவு என்று வைத்தபோது, குலை வெட்டியவர் கணவர். உதிரிப்பழம் பொறுக்கியவர் மனைவி.

சட்டத்தின் பணியாளர்கள்

இந்நிலையில் சட்டம் என்ன செய்தது என்ற கேள்வி எழுகிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குச் சில அரண்களை அமைத்தது. மாதத்தில் 24 நாளாவது தோட்ட முதலாளி வேலை கொடுக்க வேண்டும்; கொடுக்க இயலாவிட்டாலும் அந்த நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு விதித்தது. ஆண்டுப் போனஸைச் சம்பளம் என்ற சொல்லின் பொருளில் அச்சட்டம் சேர்க்கவில்லை. அதாவது, சம்பளம் உரிமை. ஆண்டுப் போனஸ் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சம்பளப் பாக்கிக்கு வழக்கறிஞர் வைக்காமலே தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். அங்குள்ள அதிகாரி விசாரித்து ஆணை பிறப்பிக்கலாம். சங்கத்துக்கும் முதலாளிக்கும் இடையிலான பெரிய தகராறுகளைத் தீர்க்க, 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி தொழில் நீதிமன்றம் அமைந்தது.

அந்த அதிகாரி அரசாங்கத்தின் மாதச் சம்பளக்காரர். அவருக்கும் தலைக்காசு முறை வைத்தால் எப்படியிருக்கும்? முடித்த வழக்குக்கு இவ்வளவு, பிடித்த குற்றவாளிக்கு இவ்வளவு என்று கொடுத்தால்? இது வெறும் கற்பனையன்று. இங்கிலாந்தில் 1692-இல் ஒரு சட்டம் வந்தது. வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தந்தவருக்கு 40 பவுன் சன்மானம். விளைவு என்ன? சன்மானத்துக்காகவே ஆள் பிடிப்பவர்கள் தோன்றினார்கள். அப்பாவி இளைஞர்களைத் திருட்டுக்குத் தூண்டி, அவர்களையே காட்டிக்கொடுத்துப் பணம் பெற்ற ஒரு கும்பல் 1754-இல் அம்பலமாயிற்று. 1818-இல் அந்தச் சன்மான முறை நீக்கப்பட்டது. சட்டத்தைக் காப்பவருக்கு எண்ணிக்கைக் கூலி கொடுத்தால், எண்ணிக்கை பெருகும். நீதி பெருகாது என்ற பாடத்தை அந்நாடு விலை கொடுத்துக் கற்றது.

நம் நாட்டிலும் 1992-இல் அரசாங்க ஊழியருக்குப் புதிய சம்பள முறை வந்தது. சட்டத் துறையினரும் தொழிலாளர் இலாகாவினரும் உட்பட, ஊழியர் ஒருவரின் ஆண்டு உயர்வு அவருடைய வேலை மதிப்பீட்டைப் பொறுத்ததாயிற்று. அட்டவணையில் சிலர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். சிலர் ஒரு படி நகர்ந்தார்கள். மிகச் சிலர் குறுக்காகத் தாவினார்கள். மதிப்பெண் இடுபவர் மேலதிகாரி. அவர் நடுநிலை தவறினால் என்ன செய்வது என்று ஊழியர் சங்கங்கள் கேட்டன. 2002 நவம்பரில் வேறு முறை வந்தது. அதில் தகுதி மதிப்பீட்டுத் தேர்வு நுழைந்தது. 2011-இல் அந்தத் தேர்வும் கைவிடப்பட்டது. பெரட்டுக் களத்தில் எழுந்த கேள்விதான் இலாகா மேசையிலும் எழுந்தது. அளக்கிற கையை அளப்பது யார்?

மாதச் சம்பளம்

தோட்டங்களுக்குத் திரும்புவோம். மழை பெய்தால் வேலையில்லை, விலை விழுந்தால் போனஸ் இல்லை என்ற நிலையில், தொழிலாளர் மனத்தில் உறுதிப்பட்ட கோரிக்கை மாதச் சம்பளம். 1990-இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் இதற்காக வேலைநிறுத்தம் செய்தது. தகராறு தொழில் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆயினும் கோரிக்கை உடனே கைகூடவில்லை. 2001-இல்தான், மாதத்துக்கு 325 ரிங்கிட் உறுதி என்ற அளவில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொகை சிறிது, ஆனால் அதன் பொருள் பெரிது. வானமும் லண்டன் சந்தையும் எப்படியிருந்தாலும் அடுப்பு எரிய வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது.

அதன் பின், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாடு முழுவதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் 2013 ஜனவரியில் 900 ரிங்கிட். 2022-இல் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட். அளவுக்கூலிக்கு வேலை செய்பவருக்கும் இது பொருந்தும் என்பது முக்கியம். குலைக் கணக்கும் ராத்தல் கணக்கும் ஒழிந்துவிடவில்லை; ஆனால் அவற்றின் கீழே ஒரு தளம் போடப்பட்டது. தளத்தின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊக்கத்தொகை கட்டலாம். தளமே இல்லாமல் ஊக்கத்தொகை கட்டினால், மழை நாளில் இடிந்துவிடும்.

இந்த மாற்றம் வந்தபோது பலருக்குக் காலம் கடந்துவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் பல கைமாறின, பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையாயிற்று. அரைநூற்றாண்டு நாட்கூலியும் விலைப் போனஸும் வாங்கியவர்கள் சேமிப்பு என்று சொல்லத்தக்க ஏதுமின்றி லயத்தை விட்டு வெளியேறினார்கள்.

பாடம் என்ன?

நேயர்களே, ஊக்கத்தொகையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. உழைப்பவரைப் பாராட்டுவது நல்ல பண்பு. ஆனால் எந்த ஊக்கத்தொகை விதியைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க இந்த வரலாறு நமக்குக் கற்றுத் தருகிறது. பணம் பெறுபவர் தம் உழைப்புக்குப் பெறுகிறாரா, பிறர் உழைப்புக்குப் பெறுகிறாரா? அளப்பவரின் கணக்கை அளக்கப்படுபவர் பார்க்க முடிகிறதா? போனஸ் ஒரு காசும் வராத மாதத்தில் சம்பளம் என்று ஏதாவது மிஞ்சுகிறதா?

இன்று தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய், பொட்டலக் கணக்கில் காசு பெறுபவர்களும் உண்டு. பெயர்கள் மாறியிருக்கின்றன, எண்ணிக் காசு கொடுக்கும் முறை மாறவில்லை. சம்பள விவரத்தை எழுத்தில் கொடுப்பது 1957-ஆம் ஆண்டு வேலை விதிமுறைகள் முதலாளிக்கு விதித்த கடமை. அந்தச் சீட்டைப் படியுங்கள், கணக்குப் புரியாவிட்டால் கேளுங்கள், சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கிராணியின் குறிப்பேட்டைப் பார்க்கும் வாய்ப்பு நம் பாட்டிமாருக்குக் கிடைக்கவில்லை. நம் கையில் சீட்டு இருக்கிறது.